யாராச்சும் ஏறுங்க

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோட்டைப் பார்க்கத் தெரியாது. குழியும் கல்லுமாகக் கிடக்கிற தேயிலைத் தோட்டத்து ரோட்டுக்குத் தரையோடு ஒட்டின ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவார்கள். அது போதாது என்று பெரிய ரிம், அகல டயர். ஓட்டுவதற்கு இல்லை, போனில் படம் போடுவதற்கு. என் மருமகன் மதுரனும் அந்த வகைதான். பெண்டாட்டி, என் மகள் லோஜினி, நிறைமாதம். இவன் கையில் நாலு ரிம்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. மனுசனையே நம்புகிறவன் இல்லை. ஆனாலும் இது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

நோர்வூட்டுக்கு மேலே, மலைரோடு வளைகிற ஒரு முடக்கில் என் டயர் கடை. போன வருசம்தான் அங்கே வந்தேன். வந்த அன்றே எதிர் டீக்கடைப் பொன்னையா எச்சரித்தார்.

"இந்த முடக்குல, பேர் சொல்லாம யாரையும் வண்டியில ஏறுன்னு கூப்பிடாதீங்க."

"கூப்பிட்டா?"

"கூப்பிடாதீங்க. அவ்வளவுதான்."

பஸ் கண்டக்டர்கூட அந்த இடத்தில் வாயைத் திறக்கமாட்டான். கையை மட்டும் காட்டுவான். வெட்டிப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அன்று சனிக்கிழமை. நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிர்க்கடை விளக்குகூடத் தெரியவில்லை. மதுரனின் காருக்குப் பதினாறு இஞ்ச் ரிம்மைக் கழற்றிப் பதினெட்டு மாட்டி முடித்தேன்.

"ஒரசும் மாப்புள."

"ஒரசாது மாமா. கொழும்புல எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

"கொழும்புல குழி இல்ல. உனக்கு மூள இல்ல."

பெரிய டயர் மாட்டினால் ஆளை ஏற்றிப் பார்க்கவேண்டும். எடை ஏறினால் வண்டி தாழும், டயர் மட்கார்டில் உரசும். மதுரன் ஸ்டீயரிங்கில் இருந்தான். இடது கதவு திறந்து கிடந்தது. நான் இடது முன்சக்கரத்தருகே குந்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டேன். விரல் தாராளமாகப் போனது. இந்தப் பக்கமும் எடை வேண்டும். ரோட்டில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். பனிக்குள் பார்த்துக் கத்தினேன்.

"யாராச்சும் ஏறுங்க!"

வண்டி தாழ்ந்தது.

மெதுவாக. பாரமான ஆள் பார்த்துப் பார்த்து உட்காருகிற மாதிரி. விரல் மாட்டிக்கொண்டது.

"போதும், இறங்குங்க!"

வண்டி எழும்பவில்லை. விரலைத் தோல் உரிய இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

"யார மாமா ஏறச் சொன்னீங்க?" என்றான் மதுரன்.

ஸ்பிரிங் பழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவன் போன் அடித்தது. அவன் பக்கத்து வீட்டுப் பூரணி. லோஜினிக்கு இரத்தம் போகிறது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும். அவர்கள் இருக்கிற லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வேறு வண்டி இல்லை. எனக்கு இருப்பது இந்த ஒரே பிள்ளை. பழைய ரிம்மை மாட்ட நேரமில்லை. பின்சீட்டு என்ற பேரில் இருந்த பொந்துக்குள் நான் முழங்காலை மடக்கி நுழைந்தேன்.

கார் கிளம்பியது.

டிங்... டிங்... டிங்...

இடது சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி அது. மதுரன் எரிச்சலோடு கையை நீட்டி, வெறும் சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டினான். மணி நின்றது.

நான் பின்னால் இருந்து பார்த்தேன். பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு சாண் முன்னால் நின்றது. வளைவாக. வயிற்றைச் சுற்றின மாதிரி.

நான் மதுரனிடம் சொல்லவில்லை. ஓட்டுகிறவன் பயந்தால் எல்லாம் முடிந்தது.

லயத்தில் லோஜினியைத் தூக்கி அதே சீட்டில் உட்காரவைத்தோம். வேறு இடம் இல்லை. அவள் முகம் வெள்ளையாக இருந்தது.

வலப்பக்கம் திரும்பிய முதல் முடக்கு.

கர்ர்ர்ர்...

டயர் உரசியது. ரப்பர் கருகும் வாடை வந்தது. என் மகள் நோஞ்சான். அவள் ஒருத்தி எடைக்கு அப்படி உரசாது.

"மாமா, டயர் தாங்குமா?"

"தாங்கும். ஓட்டு."

தாங்காது என்று எனக்குத் தெரியும். வெடித்தால் கீழே ஆறு.

கர்ர்ர்ர்...

"அப்பா... கைய இறுக்காதீங்க. வலிக்குது."

என் இரண்டு கையும் கூரையைப் பிடித்திருந்தன.

கர்ர்ர்ர்...

புகை உள்ளே வந்துவிட்டது. வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத நான் கெஞ்சினேன். "தாயே, நீ யாரா இருந்தாலும் சரி... டயர் போயிரும்... எம்புள்ள செத்துருவா... இறங்கிரு."

லோஜினி தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"இறங்கச் சொல்லாதீங்கப்பா. அவங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் வாறாங்களாம்."

கூரையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

டயர் தாங்கியது. எப்படி என்று கேட்காதீர்கள். ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரி வாசல். விடியுமுன் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். லோஜினிக்கு வழியில் பேசியது எதுவும் ஞாபகம் இல்லை. வலது கையில் நாலு விரல் தடம் மட்டும் கன்றியிருந்தது.

காலையில் கடைக்கு வந்து டயரைக் கழற்றினேன். ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. பொன்னையா டீயோடு வந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

"பேச்சியம்மான்னு ஒரு புள்ள. நிறைமாசம். மழையில, வலியோட, இந்த முடக்குலதான் நின்னா. போன வண்டி எல்லாத்தையும் மறிச்சா. இடம் இல்லன்னுட்டாங்க. இந்தா, ஒங்க ஜாக்கி கிடக்கிற இடத்துலதான் ரெண்டு உசுரும் போச்சு. ஏறுன்னு ஒருத்தன் சொல்லல."

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கடை போட்டிருப்பீங்களா? எனக்கு யாரு டீ வாங்குறது?"

இதனால்தான் நான் மனுசனை நம்புவதில்லை.

பழைய பதினாறு இஞ்ச் ரிம்மையே மாட்டினேன். மதுரன் ஸ்டார்ட் செய்தான். "ஏறுங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போய் புள்ளயப் பாத்துட்டு வருவோம்."

இடது கதவைத் திறந்தேன். வெறும் சீட்டு.

டிங்... டிங்... டிங்...

"வயர்ல கோளாறு," என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். "லோஜினிய இதுல கூட்டிட்டு வராத. பஸ்ல வா."

கதவை மெதுவாகச் சாத்தினேன். ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தொடங்கினேன்.