பக்கத்து வீட்டுக் களி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு சரோஜா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். கேழ்வரகுக் களி, கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு. மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது.

"சாப்புடுங்க அக்கா. எங்க வீட்டுக்காரர் கிண்டுனது."

சாதாரணப் பேச்சுதானே என்கிறீர்களா? இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஓசூரில் நாங்கள் இருப்பது லைன் வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். சரோஜாவுக்கு டி.வி. பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் புருஷன் முனிராஜ் வேலை பார்த்த, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டு வேலை அவருடையது... ஆனால் ரகசியமாக!

பஸ் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் 'தொம் தொம்' என்று சத்தம் கேட்கும். களி கிண்டத் தோளில் பலம் வேண்டும். கட்டையைப் பானையில் குத்தித் திருப்புகிற சத்தத்தை யாராலும் ஒளிக்க முடியாது. பஸ் ஏறிப் போனவள் வீட்டில் எப்படிக் களி கிண்டுவாள்? லைனில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

முனிராஜும் காட்டிக்கொண்டதில்லை. சமைக்கும்போது கதவு சாத்தியிருக்கும். துணியை உள்ளேயே துவைத்துப் பிழிந்து வாளியில் வைத்திருப்பார். ஷிஃப்ட் முடிந்து வரும் சரோஜா, முகம்கூடக் கழுவாமல் அதை வாசலில் உதறிக் காயப்போடுவாள் — நாலு பேர் பார்க்கும்படியாக. பிறகு குடத்தோடு பைப்படிக்கு வருவாள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து மாமியார் வரும்போதுதான் சிக்கல். லீவு கிடைத்தால் சரோஜா கிண்டுவாள். களி கட்டி தட்டிவிடும். லீவு கிடைக்காவிட்டால் முனிராஜ் முன்கூட்டியே கிண்டி மூடி வைத்து, "சரோஜா செஞ்சு வச்சிட்டுப் போனா" என்பார். அந்தக் களி பிரமாதமாக இருக்கும்.

"உன் கை ஒரு நேரம் ஒரு மாதிரி இருக்குது சரோஜா" என்பார் மாமியார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கம்பெனிக்காரர்கள் சரோஜாவை சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு மாதம் ட்ரெயினிங். அங்கேயே ஹாஸ்டல். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"வீட்டுக்காரருக்கு ஆக்கிப் போட ஆளில்லைன்னு சொல்லிட்டேன் அக்கா" என்றாள் பைப்படியில். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உனக்கு ஆசை இல்லையா?"

"ஆசை இல்லாம இருக்குமா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நான் இல்லாதப்பவும் அடுப்பு எரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். அவரை யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது அக்கா."

முனிராஜின் கவலை வேறு. மருமகளுக்குச் சமைக்கத் தெரியாது என்று தன் அம்மா சொல்லிவிடக் கூடாது. அவர் மானத்தை இவளும், இவள் பேரை அவரும் காப்பாற்றுகிறார்களாம்! நடுவில் ஒரு ப்ரமோஷன் கைநழுவிப் போகிறது. 'நாலு பேர் என்ன சொல்வார்களோ' என்று பயந்தார்களே, அந்த நாலு பேர் யார்? எல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி இருந்த நாங்கள்தான்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் முனிராஜின் குரல் கேட்டது. "எனக்கு சோறாக்க நீ வேணும்னு சொன்னியா? கம்பெனியிலயா?"

மறுநாள் காலை முனிராஜ் குடத்தோடு பைப்படிக்கு வந்தார்.

அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓயாமல் ஓடும். மூன்றும் ஒன்றாக நின்றுபோயின. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வரிசையில் இருந்த குடங்கள் மளமளவென்று ஒதுங்கின. "நீங்க மொதல்ல புடிச்சிக்கிங்க அண்ணா" என்றாள் ஒருத்தி. பெண்கள் வரிசையில்கூட ஆம்பளைக்குத்தான் முதல் இடம்!

"வேணாம்மா. என் கொடம் வர்றப்ப புடிச்சிக்கிறேன்" என்று கடைசியில் போய் நின்றார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது.

சரோஜா கம்பெனியில் சரி என்று சொல்லிவிட்டு பெங்களூர் போனாள். "குடுத்து வச்சவ" என்றது லைன் முழுக்க. வாஸ்தவம்தான். ஆனால் மூன்று வேளையும் உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வருகிற ஆண்களை யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அந்த மாதத்தில்தான் மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இரவல் வாங்கின தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. மகன் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு களி கிண்டுவதை அம்மா பார்த்துவிட்டார். முனிராஜ் தட்டில் உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினார்.

"உக்காரும்மா."

அம்மா ஒரு வாய் விழுங்கினார். "அப்ப... நல்லா இருந்ததெல்லாம் நீ கிண்டுனதா?"

முனிராஜ் தலையை ஆட்டினார். வசவு வரப்போகிறது என்று நான் நினைத்தேன். அந்த அம்மாள் தட்டைக் காலி செய்தார்.

"கண்ணாலம் ஆன நாளா களி கிண்டிகினு இருக்கேன்" என்றார் பிறகு. "எல்லாருக்கும் போட்டுட்டு, ஆறிப்போனதத்தான் திங்கறது. சூட்டோட தின்னா இவ்ளோ நல்லா இருக்கும்னு இன்னிக்குத்தாண்டா தெரியுது... இன்னொரு உருண்டை வை."

தோசைக்கல்லை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிறு சரோஜா தந்த தட்டை வழக்கம்போல வீட்டுக்காரரிடம் நீட்டப் போனேன். பிறகு என்ன தோன்றியதோ... தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். சூடாக ஒரு வாய். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கட்டும்.