பள்ளம் இருக்கட்டும்

என் அக்கா கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவள். சுவருக்கு இல்லை, காருக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்கிறவர்கள் பெயிண்ட் என்று காதில் விழுந்த உடனே, எங்கள் வீட்டுச் சுவரையும் வந்து பார்க்கச் சொல்லுங்களேன் என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். கவுன்டரில் நின்றுகொண்டு யார் மேலும் எரிந்து விழக் கூடாது என்பதால், மாத்திரை அட்டையைக் கொஞ்சம் அழுத்தமாகக் கத்தரித்துக் கொடுப்பேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும்.

இடிபட்டு நசுங்கி வரும் வண்டியை டிங்கர் தட்டி நிமிர்த்துவார். மிச்சமெல்லாம் அக்கா. பள்ளத்தைப் பட்டி பூசி மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கலர் கலந்து, ஸ்பிரே அடிப்பாள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஒரு கதவு மட்டும் புதிது, மற்ற மூன்றும் பத்து வருட வெயிலில் வெளுத்தவை என்றால், புதுக் கதவும் பத்து வருடம் வெளுத்த மாதிரி இருந்தாக வேண்டும். வெள்ளையிலேயே நாற்பது வெள்ளை தெரியும் அவளுக்கு. கலந்ததை ஒரு தகட்டில் தடவி, டியூப்லைட்டில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை பார்ப்பாள். மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பாள்.

அந்தத் தொழிலில் வேலை நன்றாக இருக்கிறது என்றால், வேலை நடந்ததே தெரியக் கூடாது. வண்டிக்காரர் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே இடித்தது என்றே தெரியவில்லையே என்பார். முதலாளி உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நம்ம ஒர்க்‌ஷாப் வேலை அப்படித்தான் என்பார். அக்கா பின்னால் ஸ்பிரே அறையில் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருப்பாள். இது யார் கை வேலை என்று முப்பது வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை. கேட்காததுதான் பாராட்டு என்று அவளும் பழகிவிட்டாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

நாற்பத்தாறு வயதில் இருமல் நிற்காமல் போனதும் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே போய் நல்ல காற்றை வாங்கச் சொன்னார். சும்மா உட்கார்ந்து காற்று வாங்க அக்காவுக்குத் தெரியாது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அதற்காக ஒரு பழைய கேமராவை வாங்கினாள். நூலகக் கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த போட்டோ வகுப்பிலும் சேர்ந்தாள். ஏரி, மேடு, வயல், வானம், இந்த மாதிரி வெட்டவெளிப் படங்கள் மட்டும்தான் அங்கே. வருடக் கடைசியில் பதினைந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, கீழே நூலகக் கூடத்தில் பெயர் போட்டு மாட்டுவார்கள். ஒரு ஆள் மூன்று வருடம்தான் வகுப்பில் இருக்கலாம். பிறகு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

முதல் வருடம் அக்கா எடுத்த படங்களை நான்தான் முதலில் பார்த்தேன். ஏரி, நடுவில் படகு. மேடு, நடுவில் மரம். எல்லாமே பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நேராக நின்றன. எல்லாம் உச்சி வெயிலில் எடுத்தவை. நல்ல வெளிச்சத்தில்தான் சரியான கலர் தெரியும் என்பது அவள் கணக்கு. அது போதாது என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிழல் இருந்த இடத்தையெல்லாம் வெளுக்க வைத்தாள். கலர் திட்டுத்திட்டாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. கடைசியில் மொத்தப் படமும் பட்டி பூசித் தேய்த்த கார் பானெட் மாதிரி ஆகிவிடும். நான் பிரமாதம் என்றேன். அக்கா செய்தது எனக்குப் பிரமாதம்தான்.

போட்டோ வகுப்பு வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு பேசுகிறவர். எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஆனால் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வருடப் பட்டியலில் அக்கா இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை அக்கா தடுத்தும் கேட்காமல் கூடவே மாடியேறிப் போய், வகுப்பு நடுவில் வாத்தியாரைப் பிடித்து வெளுத்து வாங்கினேன். கலரைப் பற்றி என் அக்காவுக்குத் தெரிந்ததில் கால்வாசி உங்களுக்குத் தெரியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கத் தோன்றுகிறது என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று இடது பக்கத்தைக் காட்டினேன். அது தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எடுத்தது. வலது பக்கத்தில் இருந்தது அக்காவுடையது, எனக்குக் காட்டாத புதுப்படம். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அக்கா கையமர்த்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ ஏன் அந்தப் படத்தைக் காட்டினே? அதைச் சொல்லு முதல்ல."

யோசித்துச் சொன்னேன். அதில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. ஒரு மூலை இருட்டாக இருந்தது, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம்.

இரண்டாவது வருடம் மாணவி என்றால் இவள்தான் மாணவி. வானமும் தரையும் சந்திக்கும் கோட்டை நடுவில் வைக்காமல் மேலேயோ கீழேயோ தள்ளக் கற்றாள். முன்னால் ஒரு கல், ஒரு புதர் என்று ஏதாவது கிடந்தால்தான் படத்துக்கு ஆழம் வரும் என்று கற்றாள். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். சாப்பாடு ஆறிப்போகிறதே என்று நான் கத்துவேன். கலர் விஷயத்தில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்கால வெயிலில் வெள்ளை வண்டி மேல் விழும் நிழல் கறுப்பு இல்லை, நீலம் என்று அவள் வகுப்பில் சொல்ல, வாத்தியார் அவளை முன்னால் வரச் சொல்லி எல்லோருக்கும் விளக்க வைத்திருக்கிறார். அதை எனக்குச் சொல்லும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். மறுநாள் கடைக்கு வந்த பாதிப் பேரிடம் நிழல் நீலம் என்று சொல்லியனுப்பினேன்.

வருடக் கடைசியில் ஆறு படங்கள் கொடுத்தாள். உள்ளே இழுத்துக்கொண்டு போகும் பாதை, ஓரத்தில் மரம், கண்ணை உறுத்தாத இரண்டு மூன்று கலர். புத்தகத்தில் போட்ட மாதிரி. வாத்தியார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்க. ஆனா யார் எடுத்தாங்கன்னு தெரியலை" என்றாராம்.

அக்கா சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாதே. வந்து என்னிடம் சொன்னாள், நானும் குதித்தேன். இரண்டு பேரும் அன்று ஓட்டலில் சாப்பிட்டோம். பட்டியல் வந்து அதில் அவள் பெயர் இல்லாதபோதுதான், அவர் சொன்னது பாராட்டு இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

அன்று அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளாகவே சொன்னாள்.

"எத்தனை வண்டி பண்ணியிருப்பேன். ஒண்ணைக் காட்டி இது நான் பண்ணினதுன்னு சொல்ல முடியுமா? சொன்னா, அப்போ இடிபட்ட வண்டியான்னு கேப்பாங்க. ஒரே ஒரு படம் போதும்டி. என் பேரு போட்டு, ஒரு சுவத்துல."

இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. அந்த வருடத்தில் பாதி வீணாகப் போயிற்று. எங்கே போய் எடுத்தாலும் அவளுக்கே பிடிக்கவில்லை. உம்மென்று வருவாள், அழித்துவிடுவாள்.

ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கருநீலக் கார் ஒன்றின் கதவுப் பக்கம் குந்தி உட்கார்ந்து, கை விளக்கைக் கதவோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கதவு கண்ணாடி மாதிரி வழவழவென்றுதான் தெரிந்தது. என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"நேரா லைட் அடிச்சா பள்ளம் தெரியாது. பக்கத்துல இருந்து, தாழ்வா அடிச்சாதான் ஒவ்வொண்ணா எழுந்து..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். விளக்கைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். சாப்பாட்டை வாங்காமலேயே வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். போன இடம் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் கிடக்கும் வெறும் பொட்டல். கட்டடம் வரப் போகிறது என்று பலகை நட்டு எட்டு வருடம் ஆகிறது. பஸ்கள் வந்து திரும்பிப் போகும், மற்றபடி காக்காய்கூட உட்காராது. பகலில் பார்த்தால் தட்டையாக ஒரு மண்தரை. இதை எடுக்கவா என் தூக்கத்தைக் கெடுத்தாய் என்று கேட்டுக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அக்கா ஒர்க்‌ஷாப் உடுப்போடு மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

சூரியன் தரைக்கு மேல் ஒரு விரல் அளவு வந்ததும் வெளிச்சம் மண்ணை ஒட்டி ஓடி வந்தது. நான் டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தத் தட்டைத் தரை முழுவதும் மேடும் பள்ளமும். ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் மஞ்சள் கோடு, ஒவ்வொரு பள்ளத்திலும் நீலம். டயர் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடந்தன. பத்து நிமிஷம்தான். பிறகு சூரியன் ஏறியது, தரை மறுபடி தட்டையாகிவிட்டது. அக்கா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த வாரமும் வர வேண்டும் என்றாள்.

பதினொரு ஞாயிறு போனோம். பதினொன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது. அன்று எடுத்த படத்தில் வானம் மேலே ஒரு ரிப்பன் அளவுதான். மற்றதெல்லாம் மண். இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு பெரிய டயர் பள்ளம், அதில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் ரோஜா நிற வானம். கண் முதலில் அங்கே போய் விழுந்து, பிறகு தடங்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூரத்துக்குப் போகும். அக்கா இந்தத் தடவை எதையும் வெளுக்க வைக்கவில்லை. இது ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

தேர்வுக்குழுவில் வாத்தியாரோடு சேர்த்து மூன்று பேர். நான்கு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். படம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மூலைப் பள்ளம் அசிங்கமாக இருக்கிறது, அதை அழித்துக் கொடுத்தால் மாட்டலாம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்களாம். அழிப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லையே என்றும் சொன்னார்களாம். தனக்கு அதில் சம்மதம் இல்லை, ஆனால் முடிவு அக்காவுடையது என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பள்ளம்தானே. அரை மணி நேரத்தில் அழித்துவிடுவாள். அக்கா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"முப்பது வருஷமா பள்ளத்தை மூடிக்கிட்டேதான் சார் இருக்கேன். இது இருக்கட்டும். இல்லைன்னா படம் வேண்டாம்."

அவர் போனதும் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. பைத்தியமா உனக்கு, கடைசி வருடம் இது, கைக்கு எட்டியதைத் தட்டிவிடுகிறாயே என்று கத்தினேன். அவள் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த வாரம் முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்துச் சீட்டை இரண்டு தடவை தப்பாகப் படித்து, நல்லவேளை கொடுப்பதற்குள் திருத்திக்கொண்டேன்.

பட்டியல் ஒட்டிய அன்று நான்தான் போய்ப் பார்த்தேன். பதினான்கு பெயர்களில் அக்கா இல்லை. பதினைந்தாவது அவள். வாத்தியார் மற்ற இருவரோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார் என்று பிறகு தெரிந்தது. அந்த மனுஷனையா நான் அன்று அப்படிக் கேட்டேன் என்று வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

கண்காட்சி அன்று அக்கா இஸ்திரி போட்ட சேலையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் படத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். படத்துக்குக் கீழே அவள் பெயர், சின்ன எழுத்தில். வந்தவர்கள் பார்த்தார்கள், அடுத்ததற்குப் போனார்கள். மதியம் போல, காக்கி உடுப்பில் ஒரு பஸ் டிரைவர் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். ஒவ்வொரு படமாகக் கடந்து வந்தவர் அக்காவின் படத்துக்கு முன்னால் நின்றார். போகவில்லை. குனிந்து அந்த மூலையைப் பார்த்தார்.

"இது நம்ம டிப்போ பின்னாடி இல்ல? இந்தப் பள்ளம் நம்ம வண்டி போட்டது. மழையில மாட்டிக்கிச்சு, நாலு பேர் சேர்ந்து தள்ளினோம்." பிறகு நிமிர்ந்து படம் முழுவதையும் பார்த்தார். "தினமும் அங்கதான் வண்டியைத் திருப்புறேன். இப்படி ஒரு இடம்னு தெரியவே தெரியாதே. யாருங்க எடுத்தது?"

பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அக்கா இரண்டடி முன்னால் வந்தாள்.

"நான்தாங்க" என்றாள்.