நீலத்தை எவ்வளவு வெட்டலாம்

எங்கள் கம்பெனி கேமராக்களில் படம் எப்படி விழ வேண்டும் என்பதை ஒரே ஒரு பெண்ணின் கண்கள்தான் முடிவு செய்கின்றன என்று கேன்டீனில் யாரோ சொன்னதாகப் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அந்தக் கண்களுக்கு இன்ஷூரன்ஸ்கூட இருக்கிறதாம். ரோசெஸ்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. இன்ஷூரன்ஸ் பொய். பெண் நிஜம்.

லோர்னா நோவிட்ஸ்கிக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரம் மூன்று நாள் எங்கள் இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் ஜோடியாக வரும் படங்களில் எது நன்றாக இருக்கிறது என்று சொல்வார். ஒன்று அசல், மற்றது சுருக்கியது. கண்ணுக்குத் தெரியாத விவரங்களைத் தூக்கி எறிந்தால் படம் சின்ன இடத்தில் அடங்கும். எது தெரியாது என்பதை மனிதர்களிடம்தானே கேட்க வேண்டும்? நீலத்தில் நம் கண் கொஞ்சம் மந்தம், அதனால் முதல் வெட்டு அதில்தான். லோர்னா "வித்தியாசம் தெரியவில்லை" என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். ஒன்பது வருடமாக இதுதான் நடந்தது. படங்களைத் திரையில் போடுவதும், அவர் பதில்களைக் கணினியில் ஏற்றுவதும் என் வேலை.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பிடிக்க, நடுநடுவே அப்பட்டமாகக் கெட்டுப்போன படங்களை நுழைப்போம். அதில் தவறினால் அந்த ஆளின் பதில்கள் மொத்தமும் குப்பைக்கு. அந்தக் குளிர்காலத்தில் எட்டுப் பேரில் ஐந்து பேர் தவறினார்கள். லோர்னா ஒன்றில்கூடத் தவறவில்லை.

"நீங்க மட்டும் இல்லன்னா என் நாயைக் கேட்டுத்தான் எதை எவ்வளவு வெட்டலாம்னு அட்டவணை போட்டிருக்கணும்" என்றார் எஞ்சினியர் டெஸ்மண்ட் விக்கரி.

"உன் நாய்க்கு நிறம் தெரியாதுப்பா. அதான் உன் சட்டையோட ஒரே வீட்டுல இருக்குது."

ஜனவரியில் சளி என்று இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். அட்டவணை முடிந்துவிட்டது. எந்த நிறத்தில் எவ்வளவு வெட்டலாம் என்ற அந்தக் கணக்கைக் கேமராவின் சிப்பில் பொறிக்க, ஒரு வியாழக்கிழமை டெஸ்மண்ட் தொழிற்சாலைக்குப் போனார். பகல் பன்னிரண்டுக்குப் பொறிப்பு. அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

அன்று பதினொன்றரைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு லோர்னா வந்தார்.

"அந்த ஏரிப் படத்தைப் போடு, சுருக்கினதை."

போட்டேன். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை.

"சளியெல்லாம் இல்ல. வலது கண்ணுல புரை எடுத்தாங்க. காலையில ஃபிரிட்ஜைப் பாத்தா அந்தக் கண்ணுக்கு வெள்ளை, இந்தக் கண்ணுக்கு டீ கொட்டின மாதிரி. இத்தனை நாளா நீலமே சரியாத் தெரியாம, அந்த டீ வழியாத்தான் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கேன். பாரு, தண்ணியெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது. நான் இதுக்கு என்ன சொன்னேன்?"

தேடிப் பார்த்தேன். "வித்தியாசம் தெரியலன்னு. ஆனா சோதனைப் படம் எல்லாத்துலயும் நீங்க பாஸாச்சே?"

"ஒன்பது வருஷமா அதே படத்தை அதே வரிசையிலதானே போடுறீங்க? படகு வந்தா இடது, கொட்டகை வந்தா வலது. பாக்கவே வேணாம், பஸ் ரூட் மாதிரி."

வரிசையை மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்தது நான்.

"தேறின மூணு பேரோட சராசரிதானே, விட்டுடலாமே" என்றேன். "சொன்னா உங்களை மறுபடி இந்த நாற்காலியில உக்கார விட மாட்டாங்க."

"தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன், உனக்கு என்ன தோணுதுன்னு ஒருத்தன் கேட்டதில்ல. இங்கதான் கேட்டாங்க." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டெஸ்மண்ட் இருக்கிற இடத்து நம்பரைக் குடு."

கொடுத்தேன். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம்தான். அவரே போனில் எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"எடுடா டெஸ்மண்ட்" என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.