தொடாதே மாமா

எங்கள் மியூசியத்தில் எதையும் தொடலாம். வாசலிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஊரில் முதலில் ஓடிய பஸ்ஸின் ஸ்டியரிங், தபாலாபீஸ் முத்திரை, தீயணைப்பு நிலையத்தில் கையால் சுற்றிய சைரன், எல்லாமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டி, முறுக்கி, சுற்றிப் பார்ப்பதற்குத்தான். அப்படிப்பட்ட இடத்துக்குக் காவலராக யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? காலமெல்லாம் பீங்கான் கடையில் நின்று 'தொடாதே, தொடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரை. டிக்கெட் கொடுக்கும் நான் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன்.

பாவம், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். ஆனால் ஒரு பிள்ளை கையை நீட்டினால் போதும், வாய் முந்திக்கொள்ளும். 'தொடாதே மாமா' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. பழைய கடையில் யார் எதை உடைத்தாலும் இவர் தலையில்தான் விடியுமாம். அந்தப் பயம் வீட்டுக்கும் வந்து, மனைவியும் மகளும் அலமாரிப் பக்கம் போகவே யோசிப்பார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, டீச்சர்களிடமிருந்து இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? மனிதர் ஆடிப்போய்விட்டார். வாயைக் கட்டிப்போட நான்தான் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பிள்ளைகளை அழைத்தார். புகார் நின்றது.

நேற்று வந்த வகுப்புக்கு டீச்சர் அவருடைய மகளேதான். பிள்ளைகள் மியூசியத்தையே தலைகீழாக்கினார்கள். ஆளாளுக்குச் சைரனைச் சுற்றி முனக வைத்தார்கள். மாமா வாயே திறக்கவில்லை.

அந்தக் கூத்துக்கு நடுவில் டீச்சர் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு குட்டிப்பெண் அவளையும் சுற்றச் சொல்லிச் சேலையைப் பிடித்து இழுத்தது. அவள் சட்டென்று அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தாள். ஒரு வகுப்பையே கட்டி மேய்க்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாலேயே அனுமதி கேட்டாள்.

மனிதருக்கு முகம் செத்துப்போய்விட்டது. மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

"நான் சொல்லிச் சொல்லித்தானம்மா இப்படி நிக்கிற?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றாள். கை பின்னாலேயேதான் இருந்தது.

அவர் போய் அந்தக் கையை எடுத்துச் சைரனின் பிடியில் வைத்தார். "சுத்தும்மா. உடைஞ்சா உடையட்டும்."

மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் அவள் சுற்றிய சுற்றில், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எதிர்க்கடைக்காரர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். எனக்கோ கண் நிறைந்துவிட்டது. மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்து, பிடியை நிறுத்தக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்" என்றார் மாமா.

மேனேஜர் கையை இழுத்துக்கொண்டார்.