பால்கனிக்காக ஒரு ரவுண்டு

கரையான்சாவடி பத்மாவுக்கு இரண்டு பெயர். ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண்கள் வைத்தது இன்னொன்று: கப்பல் கவுத்த பத்மா.

காரணம் போன வருஷத்து விஜயதசமி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அன்று அங்கே நடக்க வந்தவர்கள், சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பத்மா தன் கையால் செய்த நீராவிப் படகைத் தண்ணீரில் விட்டாள். முழங்கை நீளப் படகு. அதற்குள் செம்பு பாய்லர், பளபளக்கும் இரட்டை சிலிண்டர் எஞ்சின். படகு ஒரு கெஜம் போயிருக்காது. தூக்கம் வந்த குழந்தை மாதிரி ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்தது. 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு முழுகிப்போனது.

பத்மாவோடு ஒரே மேசையில் வேலை செய்யும் ஜமீலா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரமப்பட்டு முகத்தைச் சரி செய்துகொண்டு, "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வெக்காதன்னு சொல்வாங்களேக்கா, இத்தினி நாளா சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்," என்றாள். பத்மாவின் கை அப்போது கன்னத்தில்தான் இருந்தது.

பத்மாவின் அம்மா குத்தம்பாக்கம் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். மகள் ஐடிஐ படித்து, ஏசி மெஷினுக்குப் போகும் செம்புக் குழாய்களைப் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்தாள். பூந்தமல்லி டிப்போவில் பஸ் கண்டக்டராக இருக்கும் பாஸ்கரனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண் கவிப்பிரியா. ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி பத்மாவுக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் மாடி வீட்டு ராகவன் வந்தான். கோயம்புத்தூர்க்காரன். பகலெல்லாம் கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை குளத்தில் பேட்டரி படகு. ஆசைப்பட்டு ஒரு குட்டி நீராவி எஞ்சின் வரவழைத்திருந்தான். வரும் வழியிலேயே அதன் குழாய் ஒன்று விரிசல் விட்டிருந்தது. "அக்கா, இத ஒட்ட முடியுங்களா?" என்று கொண்டுவந்தான். பத்மா பற்றவைத்துக் கொடுத்தாள். சரியாக இருக்கிறதா என்று அவன் அங்கேயே தண்ணீர் ஊற்றி நெருப்பு மூட்டினான். சின்னச் சக்கரம் ஒருமுறை தயங்கியது, இருமுறை தயங்கியது, பிறகு திடீரென்று மனதை மாற்றிக்கொண்டதைப் போலச் சுழலத் தொடங்கியது. பத்மா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் குழாய் பற்றவைத்திருக்கிறாள். அவள் பற்றவைத்த எதுவும் அவள் கண்ணெதிரே உயிர் பெற்றதில்லை.

அன்றிலிருந்து பால்கனி போயிற்று. துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு மேசை, மேசையில் சாமானைப் பிடித்து இறுக்க ஒரு வைஸ், பழைய இரும்புக் கடையில் விலைக்கு வாங்கிய செம்புக் குழாய்கள். பாஸ்கரனுக்கு அந்தப் பால்கனியில் வேறு கனவு இருந்தது. லவ் பேர்ட்ஸ். கூண்டு கூடப் பார்த்து வைத்திருந்தான். படகு முழுகிய அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தான்.

"முயுகிப் போச்சுல்ல? அந்த மேசைய எடுத்துரு. கிளிங்கோ வர்ட்டும்."

"யோவ், இன்னொரு வருசம் குடு. அடுத்த விஜயதசமிக்கு கொளத்த ஒரு ரவுண்டு, முழு ரவுண்டு, சுத்தி வரலேன்னா பால்கனி உனுக்கு. ஸ்பானரத் தொட்டா ஏன்னு கேளு."

"சாட்சி?"

"நான் கீறேன்," என்றாள் ஜமீலா. மெட்ரோ வேலை நடக்கும் தூசியில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், டீ குடிக்காமல் போவாளா?

பந்தயம் கட்டியாயிற்று. எங்கே தப்பு நடந்தது என்று பத்மா யோசித்தாள். விடை ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்தது. மண்டபம் சின்னது, பந்தி அதைவிடச் சின்னது, அதற்குள் ஊரையே கூட்டியிருந்தார்கள். இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்குச் சாம்பார் வந்து சேருவதற்குள் சோறு ஆறிவிட்டது. சமையல்கட்டில் ஒரே அடுப்பு. வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்த பத்மா சட்டென்று ஜமீலாவின் கையைப் பிடித்தாள்.

"ஏய், என் கப்பலும் இதே கதைதான்டி! மண்டபம்னா படகு. அடுப்புன்னா பாய்லர். பந்தில குந்திக்கினு கீறவன் எஞ்சின். ஊருல எல்லாரும் மொதல்ல மண்டபம் பாப்பாங்கோ. நான் இன்னா பண்ணேன்? அயகா கீறான்னு மாப்பிள்ளைய புச்சிக்கினு வந்துட்டு அப்பறமா மண்டபம் தேடினேன்."

"அப்பளம் வர்து, மொதல்ல அத்த வாங்குக்கா," என்றாள் ஜமீலா.

மறுநாளே பத்மா தலைகீழாகத் தொடங்கினாள். முதலில் படகு. இம்முறை அடி தட்டையாக, இடுப்பு அகலமாக, சரக்குத் தோணி மாதிரி ஒன்றை பிளைவுட்டில் கட்டினாள். எஞ்சினை நினைக்கக்கூட இல்லை. வெறும் கூட்டைத் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் மிதக்கவிட்டு, பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும்வரை உள்ளே அரிசியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அடுக்கினாள். எவ்வளவு அரிசி பிடித்ததோ அவ்வளவுதான் பாய்லர், எஞ்சின், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து.

ஷிஃப்ட் முடிந்து வந்த பாஸ்கரன் அடுக்களையில் டப்பாக்களைத் திறந்து மூடினான்.

"ஏம்மே, சோறு வடிக்கலாம்னா அரிசியக் காணமே?"

"கப்பல்ல கீது."

"கப்பல் எப்ப ஊட்டுக்கு வரும்?"

"கோடு தொட்ட ஒடனே."

அரிசி கணக்குச் சொன்னபின் பாய்லர் தானாகவே சின்னதாயிற்று. உயரமாக நிற்க வைக்காமல் படுக்கவைத்தாள். கனம் அடியில் இருந்தால்தான் படகு சாயாது. கம்பெனியில் பம்ப் வைத்துப் பச்சைத் தண்ணீரை உள்ளே அழுத்தி, ஓடும்போது வரப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு பங்கு ஏற்றி, ஒரு சொட்டுக் கூடக் கசியாததைப் பார்த்த பிறகே நெருப்புக் காட்டினாள். அந்தப் பாய்லர் எவ்வளவு நீராவி கொடுக்குமோ அதை மட்டும் குடிக்கிற எஞ்சின் வேண்டும். இரட்டை சிலிண்டர் அழகனைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ராகவன் தன் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சினை, அவள் ஒட்டிக் கொடுத்த அதே எஞ்சினை, எடுத்து வந்தான்.

"இதுக்கு இந்தப் பாய்லர் பத்துங்களா அக்கா? ரொம்பச் சின்னதா இருக்குதே."

"பத்தும். கொஞ்சமா துன்றவன்தான் இவன்."

"விசில் வெக்கலீங்களா? நீராவிப் படகுக்கு விசில்தானுங்க அழகு."

பத்மாவுக்கும் அந்த ஆசை உண்டு. விசிலை வாங்கிக்கூட வைத்திருந்தாள். ஆனால் ஒருமுறை ஊதினால் பாதி நீராவி அதன் வழியாகவே போய்விடும். பெருமூச்சோடு அதையும் பரணுக்கு அனுப்பினாள்.

ஆயுத பூஜை வந்தது. டப்பில் படகு நன்றாகவே ஓடியிருந்தது. குளத்தில் விட்டால்தான் மீதி தெரியும். பூஜைக்குப் படகைத் துடைத்து, வைஸ், ஸ்பானர், அரிவாள்மணை, பாஸ்கரனின் கண்டக்டர் பை எல்லாவற்றோடும் வரிசையாக வைத்தாள். படகின் மூக்கில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை எடுக்கும்வரை தொடக்கூடாது. படகில் நட்டு ஒன்று தளர்ந்திருக்குமோ என்று கை அரித்தது, தொடவில்லை. டிப்போவில் பஸ்களுக்குப் பூஜை முடித்துவிட்டு வந்த பாஸ்கரன் கையெல்லாம் மஞ்சளாக, வாய் நிறையப் பொரியோடு உள்ளே நுழைந்தான். சந்தனம் பாதி மிச்சமிருந்த கிண்ணமும் கூடவே வந்திருந்தது. பத்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

விஜயதசமி காலை. குளக்கரையில் போன வருஷத்தைவிடக் கூட்டம். ஜமீலா தன் வீட்டு ஆட்களோடு வந்திருந்தாள். கம்பெனிப் பெண்கள் வந்திருந்தார்கள். பாஸ்கரன் காக்கி உடையிலேயே நின்றான், மதியம் ஷிஃப்ட். கவிப்பிரியா ஓசூரிலிருந்து வீடியோ காலில் இருந்தாள்.

பத்மா பாய்லரில் தண்ணீர் ஊற்றி, கேஸைத் திறந்து, பற்றவைத்தாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. மெதுவாக ஏறியது. டப்பில் இதைவிடச் சுறுசுறுப்பாக ஏறியதாக அவளுக்கு ஞாபகம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று வால்வைத் திறந்தாள்.

படகு புறப்பட்டது! கொஞ்சமும் சாயவில்லை. தண்ணீர்க் கோடு சாக்பீஸ் கோட்டிலேயே நின்றது. 'டுக் டுக் டுக்' என்று அல்லிக் கொடிகளைத் தாண்டிப் போனது. சுக்கானைத் திருப்ப மட்டும் பத்மாவின் கையில் ரிமோட். கம்பெனிப் பெண்கள் கை தட்டினார்கள். பாதி வழியில் அந்த 'டுக்' தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. நடுக்குளத்தில் படகு நின்றேவிட்டது.

ஒரு சுண்டல்காரர், "தண்ணி இல்லாத கார்ப்பரேசன் கொயாய் மாரி ஆயிடுச்சே," என்றார்.

ராகவன் தன் பேட்டரி படகை அனுப்பி, மூக்கால் முட்டி முட்டி அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "பாய்லர் சின்னதுன்னு..." என்று ஆரம்பித்தவன், பத்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அதுவே அவளுக்குக் கூடுதலாக வலித்தது. அரிசி, மண்டபம், பந்தி, அவ்வளவு கணக்கும் தப்பா? மேசை, வைஸ், அந்தக் கொடிக்குக் கீழே கழிந்த சாயங்காலங்கள்? கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"யக்கா, கன்னத்துலேர்ந்து கைய எடு!" என்று ஜமீலா தட்டிவிட்டாள். "கவுரலயே, நின்னுதான போச்சு?"

தட்டிவிட்ட கை பாய்லரின் அடியில் பட்டது. சுரீரென்று சுட்டது, விரலெல்லாம் கரி.

பத்மா விரலைப் பார்த்தாள். செம்பின் அடிவயிறு முழுக்கக் கரி. டப்பில் ஓட்டியபோது ஒரு பொட்டுக் கூடக் கரி இல்லை. கேஸை மறுபடி திறந்து பற்றவைத்தாள். சுடர் நீலமாக இல்லை. கோயில் விளக்கு மாதிரி மஞ்சளாக ஆடியது. தினமும் நெருப்போடு பிழைக்கிறவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்று போகவில்லை. நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, படகைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பாய்லருக்கு அடியில் பார்த்தாள். பர்னர் குழாயில் காற்றுப் போக இட்ட துளைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசை மேலேயே, மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. நடுவில் அழகாகக் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

பத்மா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

பாஸ்கரன் தொப்பியைக் கழற்றினான். "அந்தக் கொயாய் மட்டும் பொட்டு இல்லாம மூளியா கீதேன்னு... பஸ்ஸுக்கு வெக்கிற மாரிதான் வெச்சேன். நல்லதுக்குத்தான்மே வெச்சேன்."

"மாமே!" என்று ஜமீலா கூவினாள். "கிளிக்கோசரம் சதியா?"

"சத்தியமா இல்லம்மா! சாமி சந்தனத்துல சதி பண்ணுவனா?"

பத்மாவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கவிப்பிரியா போனுக்குள்ளிருந்து, "அப்பா, நீயா!" என்று கத்தியதில் கரை முழுக்கச் சிரித்தது.

பந்தயப்படி பார்த்தால் படகு சுற்றவில்லை. பால்கனி அவனுடையது. அதை அவன் வாயைத் திறந்து சொன்னால் மறுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பாஸ்கரன் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றினான். அதன் ஊக்கை நிமிர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"குடும்மே இப்டி. வண்டி நின்னது கண்டக்டர் தப்புன்னா, பேசஞ்சருக்கு அதே டிக்கெட் செல்லும்."

ஒவ்வொரு துளையாகக் குத்தி, வாயால் ஊதி, கண்ணில் சந்தனப் பொடி விழுந்தும் விடாமல் சுத்தம் செய்தான். பத்மா புதுத் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தாள். சுடர் நீலமாகச் சீறியது. முள் துள்ளி ஏறியது.

படகு அல்லிக் கொடிகளைத் தாண்டியது. நடுக்குளத்தைத் தாண்டியது. அப்போது ஜமீலா தன் கையைக் கன்னத்தில் வைத்திருந்தாள்; அவளுக்கே தெரியவில்லை. அரசமரத்து மூலை திரும்பியது. படித்துறையைத் தொட்டும் தொடாமலும் வளைந்தது. ராகவன், "பத்துது, பத்துது, பாய்லர் பத்துதுங்க!" என்று கரையோரமாகக் கூடவே ஓடினான். புறப்பட்ட இடம் நெருங்க நெருங்க பத்மாவுக்கு ஒரே ஒரு குறை. இந்த இடத்தில் ஒரு விசில் ஊதினால் எப்படி இருக்கும்! நீராவி இருந்தது ரவுண்டுக்கு மட்டும்தான்.

அவள் காதருகே 'பீப்' என்று ஒன்று கிழித்தது. பாஸ்கரன் கன்னம் உப்ப, முகம் சிவக்க, கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டிருந்தான். ஒரு விசில் என்றால் வண்டி ஸ்டாப்பில் நிற்கவேண்டும். படகு கரையில் மூக்கை இடித்து நின்றது.

பத்மா அதைத் தூக்கிக்கொண்டாள். சூடு சேலை வழியாகச் சுட்டது.

"கிளிக் கூண்ட ஹால்ல வெச்சிக்கய்யா," என்றாள். "டீவி பக்கத்துல. அதுங்களும் சீரியல் பாக்கட்டும்."

பாஸ்கரன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே, இன்னொரு ரவுண்டுக்கு இரண்டுமுறை ஊதினான்.