வேலிக்குக் கரண்டு

ஒரு ஞாயிறு மாலை, காந்தலூரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், தீவொன்றில் டைனோசர்களை உயிரோடு உருவாக்கிக் காட்சிக்கு வைக்கும் பூங்காவைப் பற்றிய படம் ஓடியது. மின்வேலி செயலிழந்து விலங்குகள் வெளியேறிய கட்டத்தில், பின்விளைவை எண்ணாத அறிவியல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

அம்மா இடைமறித்தார். "அதை விடு. ஏங்க, நம்ம வேலிக்குக் கரண்டு போட்டீங்களா?"

அப்பா ஒற்றைச் செருப்போடு ஓடினார். அறுவடைக்கு நின்ற முட்டைக்கோஸைக் காட்டெருமைகளிடமிருந்து காப்பது அந்தச் சோலார் வேலி ஒன்றுதான். சற்று நேரத்தில் சிரித்தபடி திரும்பினார்.

"ஆஃப்லதான் கெடந்துச்சு. நல்லவேளை, ஒண்ணும் உள்ள வரல. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரனே கோட்டை விடுறான், நான் மறக்கக் கூடாதாக்கும்?"

"அவனுக்கு இந்தத் தீவு போனா இன்னொண்ணு," என்றார் அம்மா. "நமக்கு வேற கோசு எங்க இருக்கு?"

என் விளக்கம் பாதியிலேயே நின்றது. சன்னலைத் திறந்துவைத்து, கரண்டு ஓடும்போது வேலிப் பெட்டி எழுப்பும் 'டிக் டிக்' கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து, மீதிப் படத்தைப் பார்த்தோம். டைனோசர்கள் சத்தமில்லாமல் கர்ஜித்தன.