மூன்று நாள் அறை

மேடைகளில் என்னைப் ‘பெண்ணிய விஞ்ஞானக் கதைகளின் முன்னோடி’ என்று அறிமுகம் செய்கிறார்கள். உடனே யாராவது ஒருவர் எழுந்து, முதல் நாவலை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள் என்று கேட்பார். வீட்டில்தான் என்று மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாதவிலக்குக்கு என்று ஒதுக்கிவைத்த அறையில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமியார், கணவர், நான் என்று மூன்றே பேர். மாமியார் ஆசாரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். மாதத்தில் மூன்று நாள் நான் பின்கட்டு அறையில் தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பாயோடு கிடக்க வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதம் அவமானத்தில் அழுதேன். இரண்டாம் மாதம் ஒரு விஷயம் உறைத்தது. அந்த மூன்று நாளும் யாரும் என்னிடம் காப்பி கேட்கவில்லை. புளி கரைக்கச் சொல்லவில்லை. வாசலில் யார் என்று பார்க்கச் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒரு குயர் நோட்டோடு உள்ளே போனேன்.

என் கிரகம் அங்கேதான் பிறந்தது. அந்தக் கிரகத்துப் பெண்கள் மாதம் மூன்று நாள் தங்கள் நிலவுக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் கீழே பாத்திரம் தேய்த்தபடி, மேலே என்னதான் நடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நாலாம் நாள் காலை அறையில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் மாமியார் தண்ணீர் தெளிப்பார். முதல் அத்தியாயம் அப்படித்தான் மை கரைந்து நாசமாயிற்று. அதன் பிறகு பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறினேன்.

ஒரு வாரப் பத்திரிகை அதைத் தொடராகப் போட ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் நாலு அத்தியாயம் எழுதினால் ஒரு மாதம் ஓடிவிடும். “உன் ராக்கெட் எப்போ கிளம்பறது?” என்று கணவர் கேலி செய்வார், அதோடு சரி. மற்ற நாட்களிலும் முயன்று பார்த்தேன். பேனாவைத் திறந்தால் குக்கர் கத்தும்.

கடைசி மூன்று அத்தியாயங்கள் பாக்கி இருந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

என் நாட்களைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக் கவனிப்பவர் மாமியார். ஐந்து நாள் தள்ளியதும் இரவு எனக்கும் ஒரு டம்ளர் பால் வந்தது. பத்து நாள் தள்ளியதும் தண்ணீர் வாளியைத் தூக்க விடவில்லை. வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் குழந்தை வேண்டும்தான். ஆனால் விலக்கு இல்லாவிட்டால் அந்த அறையும் இல்லை. திங்கட்கிழமைக்குள் கதையின் முடிவு வந்து சேராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவோம் என்று பத்திரிகையிலிருந்து கடிதம் வேறு வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை சமையலறை வாசலில் நின்று, “அம்மா, நான் தூரம்” என்றேன்.

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. “சரி, போ” என்றார். பிறகு காலண்டர் பக்கம் போய்ப் புள்ளி வைத்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

விலக்கை மறைத்துக் கோயிலுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இல்லாத விலக்கைச் சொல்லி ஒதுங்கியவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். சுத்தமான துணியை நனைத்துப் பின்கட்டுக் கொடியில் காயப்போட்டேன். பல்லி சத்தமிட்டால்கூட உயிர் போயிற்று. அயல் கிரகத்துத் தெய்வங்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்தவளுக்கு, எங்கள் வீட்டுப் பூஜை அலமாரி இருந்த திசையில் காலை நீட்டக்கூடத் துணிவில்லை. இந்தப் பொய் வயிற்றில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பயத்தோடேயே மூன்று அத்தியாயங்களையும் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தேன். மறுநாள் காலை கணவர் ஆபீஸ் போகும் வழியில் பத்திரிகையில் கொடுத்துவிட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பத்து நாள் தாங்கியது. பதினோராம் நாள் தாளிக்கிற வாசனைக்கு முற்றத்தில் வாந்தி எடுத்தேன். மாமியார் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆட்டோ வைத்துத் தி. நகரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். “பாட்டியாகப் போறீங்க.”

மாமியார் கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே இருக்க, முகம் வெளுத்தது. “டாக்டர், பத்து நாள் முன்னாடிகூட மூணு நாள் ஒக்காந்திருந்தாளே?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ப்ளீடிங் இருந்துதா? மூணு நாளுமா? இன்னைக்கே அட்மிட் பண்ணணும்மா. ஸ்கேன் பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

“பச்சத் தண்ணியில தலைக்குக் குளிச்சாளே, நான் பாத்துண்டு இருந்தேனே” என்று மாமியார் முணுமுணுத்தார். உதடு கோணிக்கொண்டு வந்தது. என்னை அதட்டி மட்டுமே பார்த்த அந்த மனுஷி, என் குழந்தைக்காக என்னெதிரே உடைந்துகொண்டிருந்தார். அதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

“டாக்டர், ப்ளீடிங் எதுவும் இல்லை. பொய் சொன்னேன்” என்றேன். “கதை முடிக்கணும், அதுக்காக.”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்ப ஆட்டோ பிடித்தோம். வீட்டில் போய்க் கணவரிடம் சொல்வாரா, நோட்டை அடுப்பில் போடுவாரா என்று நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். லஸ் கார்னர் சிக்னலில்தான் வாய் திறந்தார்.

“முடிச்சுட்டியா?”

“என்னதும்மா?”

“அந்தக் கதையை.”

“முடிச்சுட்டேன்மா.”

“போறது. என் பிள்ளைகிட்ட நான் சொல்லப்போறதில்லை.” பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்தது அதுவே முதல் தடவை. “இனிமே ஒனக்கு என்ன கவலை? ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்கு அந்த ரூம் பக்கமே நீ போக வேண்டாம். ஒண்டியா கெடக்க வேண்டாம். எப்பவும் எங்களோடயே இருக்கலாம்.”

அவ்வளவு பிரியமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. ஒன்றரை வருஷம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“சந்தோஷத்துல அப்படித்தான் வரும். எனக்கும் வந்துது” என்று புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

ஆமாம்மா என்றேன். அந்தப் பொய்யை மட்டும் அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.